கொலம்பஸ் போகும் கொம்பு

குழு: முற்றம்
28 ஆகஸ்ட் 2025, வியாழன் இரவு (ஆஸ்டின் நேரம்)

தம்பி, 8:31
நாளைக் காலை ஆறு மணிக்கு ஃப்ளைட். மேட்ச் டிக்கெட் கையில். பொறாமைப்படுகிறவர்கள் வரிசையில் வரவும்.

கொலம்பஸ் அக்கா, 8:33
வா வா. ஆனால் அந்த ஆரஞ்சு சட்டையோடு வாசல்படி ஏறாதே. அத்தான் கதவைத் திறக்க மாட்டாராம்.

தம்பி, 8:33
அது ஆரஞ்சு இல்லை அக்கா. பர்ன்ட் ஆரஞ்சு.

கொலம்பஸ் அக்கா, 8:34
செங்கல் நிறம் என்று சொல், போதும்.

பெரியப்பா, 8:36
இங்கே வெள்ளிக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். என்ன ஆட்டம் என்று யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள். நேற்றிலிருந்து ஆளாளுக்கு மாட்டுக் கொம்புப் படமாகப் போட்டுத் தள்ளுகிறீர்கள்.

நான், 8:39
பெரியப்பா, கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால். அந்த மாட்டுக் கொம்புதான் எங்கள் டெக்சாஸ் அணியின் சின்னம். சனிக்கிழமை அவர்கள் கொலம்பஸ் போய் ஒஹாயோ ஸ்டேட்டோடு மோதுகிறார்கள். சீசனில் இரண்டு பேருக்கும் முதல் ஆட்டமே இதுதான். ஏபி பட்டியலில் (பத்திரிகைக்காரர்கள் போடும் தரவரிசை) நாங்கள் 1, ஒஹாயோ 3. சீசன் தொடங்கும் முன்பே முதலிடத்தில் இருப்பது டெக்சாஸுக்கு இதுதான் முதல் தடவை. ஒஹாயோ ஆட்கள் போன ஜனவரியில் நோட்ர டேமை 34-23 என்று ஜெயித்துச் சாம்பியன் ஆனவர்கள். அங்கே பகல் 12 மணி, உங்களுக்கு இரவு ஒன்பதரை.

பெரியப்பா, 8:41
ஒன்பதரை என்றால் விழித்திருக்கலாம். கல்லூரிப் பையன்கள் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்?

கொலம்பஸ் அக்கா, 8:42
எங்கள் ஸ்டேடியத்தில் 1,02,780 பேர் உட்காரலாம் அப்பா. குதிரை லாடம் மாதிரி இருக்கும், அதனால் ஹார்ஸ்ஷூ என்பார்கள்.

பெரியப்பா, 8:43
ஒரு லட்சமா! இரண்டு சேப்பாக்கத்தை நிரப்பினாலும் மிச்சப் பேர் வெளியே நிற்பார்களே.

அம்மா, 8:44
அந்தக் கூட்டத்தில் இவன் தனியாகவா போகிறான்?

தம்பி, 8:44
நண்பர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள் அம்மா. நான் தினமும் சாப்பிடுகிறேன். அடுத்த கேள்வி அதுதானே.

ஆஸ்டின் சித்தப்பா, 8:47
அண்ணே, இந்த முறை எங்கள் பக்கம் ஆர்ச் மேனிங் இறங்குகிறான். தாத்தா ஆர்ச்சி, சித்தப்பா முறையில் பெய்ட்டன், ஈலை. மூன்று பேருமே என்எஃப்எல்லில், அதாவது தொழில்முறை லீக்கில், குவார்ட்டர்பேக். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். அந்த லீக்கின் கோப்பையான சூப்பர் பவுல் பெய்ட்டனுக்கு இரண்டு, ஈலைக்கு இரண்டு.

பெரியப்பா, 8:48
சரி, பரம்பரைப் பெருமை இருக்கட்டும். பையன் ஆடுவானா?

நான், 8:55
அதுதான் பெரியப்பா கேள்வி. இதுவரை அவன் முதலிலிருந்து ஆடியது இரண்டே ஆட்டம், இரண்டும் எங்கள் ஊர் மைதானத்தில். போன வருடம் எங்கள் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் காயம்பட்டபோது உள்ளே வந்தான், ஒரு பந்தை 67 யார்டு தூக்கிக்கொண்டு ஓடினான். ஊரே தலையில் வைத்து ஆடியது. வெளியூரில், லட்சம் பேர் எதிரே கத்தும்போது எப்படி இருப்பான் என்பதை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை.

ஆனால் எனக்குப் பயம் ஆர்ச்சைப் பற்றி இல்லை, அவனுக்கு முன்னால் நிற்கும் ஐந்து தடியர்களைப் பற்றித்தான். பந்தை எப்போது எடுப்பது என்று குவார்ட்டர்பேக் வாயால் குரல் கொடுப்பான். ஹார்ஸ்ஷூவில் அந்தக் குரல் இரண்டடி தள்ளி நிற்பவனுக்கே கேட்காது. அதனால் சைலன்ட் கவுன்ட். ஆர்ச் காலைத் தூக்கிக் காட்டுவான், பக்கத்தில் நிற்கும் கார்டு குனிந்து பின்னால் பார்த்துவிட்டு நடுவில் நிற்கும் சென்டரைத் தட்டுவான், சென்டர் மனசுக்குள் ஒரு எண் எண்ணிப் பந்தைப் பின்னால் விடுவான். ஓரத்தில் நிற்கும் டேக்கிளுக்குக் காது பயன்படாது, பந்து அசைவதைக் கண்ணால் பார்த்துத்தான் எழ வேண்டும். அதற்குள் எதிரி அரை அடி எடுத்து வைத்திருப்பான். அவசரப்பட்டு முன்னே அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு பின்னால். இதையெல்லாம் ஐந்து பேரும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். அந்த ஐந்தில் நான்கு பேர் புதுசு.

பெரியப்பா, 8:57
கபடியில் சங்கிலி பிடிப்பது மாதிரி. ஒருத்தன் முந்தினாலும் போச்சு.

நான், 8:57
அதேதான் பெரியப்பா.

கொலம்பஸ் அத்தான், 9:01
அவள் சொன்னதில் பாதிதான் உண்மை மாமா. எங்கள் டிஃபென்ஸிலும் முன்வரிசை நான்கு பேருமே என்எஃப்எல் போய்விட்டார்கள். டிஃபென்ஸ் கோச் ஜிம் நோல்ஸும் பென் ஸ்டேட் போய்விட்டார். இப்போது மேட் பட்ரீஷியா. புதுசும் புதுசும் மோதுகிற மேட்ச் இது.

தம்பி, 9:02
பட்ரீஷியா என்எஃப்எல்லில் டெட்ராய்ட் அணியை என்ன பாடு படுத்தினார் என்று நாங்களும் பார்த்திருக்கிறோம் அத்தான்.

கொலம்பஸ் அத்தான், 9:03
அங்கே அவர் தலைமைக் கோச். டிஃபென்ஸை மட்டும் கையில் கொடுத்தால் வேறு ஆள் தம்பி. சூப்பர் பவுல் ஜெயித்த பேட்ரியட்ஸில் பழகின கை. பின்னால் கேலப் டவுன்ஸ் வேறு நிற்கிறான். இடது பக்கம் நிற்பது மாதிரிக் காட்டிவிட்டு, பந்து எடுத்த நொடியில் வேறெங்கோ இருப்பான். இரண்டு ஆட்டம் ஆடின பையன் அதைப் படித்துவிடுவானா?

ஆஸ்டின் சித்தப்பா, 9:05
மாப்பிள்ளை, உங்கள் குவார்ட்டர்பேக் எத்தனை ஆட்டம் முதலிலிருந்து ஆடியிருக்கிறான்?

கொலம்பஸ் அத்தான், 9:06
...

ஆஸ்டின் சித்தப்பா, 9:06
பூஜ்யம். ஜூலியன் சேயின். நானே சொல்லிவிட்டேன்.

கொலம்பஸ் அக்கா, 9:08
சேயின் ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம் சித்தப்பா. ஜெரமையா ஸ்மித் இருக்கிற திசையில் பந்தை எறிந்தால் போதும். முதல் வருடத்திலேயே 1,315 யார்டு, 15 டச் டவுன் (எதிரியின் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோவது).

நான், 9:10
அந்த ஸ்மித் ஜனவரியில் எங்களோடு ஆடும்போது எத்தனை பந்து பிடித்தான் அக்கா? ஒன்று. எத்தனை யார்டு? மூன்று.

கொலம்பஸ் அக்கா, 9:11
அந்த மேட்ச்சில் ஜெயித்தது யார்?

(இரண்டு நிமிடம் யாரும் ஒன்றும் அனுப்பவில்லை.)

பெரியப்பா, 9:13
என்ன ஆயிற்று? ஏன் எல்லோரும் அமைதி?

தம்பி, 9:16
நான் சொல்கிறேன் பெரியப்பா, அந்த வயிற்றெரிச்சலை யாராவது கேட்கட்டும். ஜனவரி 10, காட்டன் பவுல், அரை இறுதி, டல்லாஸ் பக்கத்தில். 21-14 என்று அவர்கள் முன்னிலை. கடைசி நிமிடங்கள். எங்களுக்குப் பந்து அவர்கள் கோட்டிலிருந்து ஒரே ஒரு யார்டில், நான்கு முயற்சி கையில். மூன்றடி! நேராக முட்டித் தள்ளியிருந்தாலே போதும். எங்கள் ஆட்கள் பக்கவாட்டில் பந்தைத் தூக்கிப்போட்டு ஓடப் பார்த்தார்கள், 7 யார்டு பின்னால் போனது. நான்காவது முயற்சியில் ஒஹாயோவின் ஜாக் சாயர் யூவர்ஸை அடித்துப் பந்தைப் பிடுங்கி, எதிர்முனை வரை 83 யார்டு ஓடிவிட்டான். 28-14.

கொலம்பஸ் அக்கா, 9:17
இதில் விசேஷம் என்னவென்றால் அப்பா, யூவர்ஸ் 2021-இல் எங்கள் கல்லூரியில்தான் இருந்தான். சாயரும் அவனும் ஒரே அறை.

பெரியப்பா, 9:18
அடப்பாவி. அறைத் தோழனேவா.

ஆஸ்டின் சித்தப்பா, 9:24
பழைய கதைதானே வேண்டும், நான் ஒன்று சொல்கிறேன். 2005 செப்டம்பர். நான் ஆஸ்டின் வந்த புதிது. நான்கு பேர் சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட், சோபா கிடையாது, தரையில் பாய். இதே கொலம்பஸ், இரவு ஆட்டம். 22-16 என்று பின்தங்கியிருந்தோம். வின்ஸ் யங் எறிந்த பந்தை லைமஸ் ஸ்வீட் கோட்டுக்குள் எம்பிப் பிடித்து விழுந்தான். கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையை இடித்தார். 25-22. அந்த வருடம் கோப்பையும் எங்களுக்குத்தான். அடுத்த வருடம் அவர்கள் ஆஸ்டின் வந்து 24-7 என்று பதிலுக்குக் கொடுத்தது வேறு விஷயம், அதை நான் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

கொலம்பஸ் அத்தான், 9:26
நாங்கள் வைத்திருக்கிறோம் மாமா.

ஆஸ்டின் சித்தப்பா, 9:27
எங்கள் கோச் சார்க்குக்குப் பெரிய ஊர்களுக்குப் போய் ஜெயித்துத்தான் பழக்கம் மாப்பிள்ளை. 2023 அலபாமாவில் 34-24. போன வருடம் மிச்சிகனில் 31-12. மிச்சிகனிடம் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

கொலம்பஸ் அக்கா, 9:28
சித்தப்பா, அந்தப் பரம எதிரியின் பெயரை இந்த வீட்டில் சொல்வதில்லை.

நான், 9:30
சித்தப்பா, மிச்சிகனில் ஜெயித்தது யூவர்ஸை வைத்து, கெல்வின் பேங்க்ஸ் இடது ஓரத்தைக் காத்தபோது. அவர்கள் இருவருமே இப்போது இல்லை. என் கணக்கு இதுதான்: முதல் கால் மணி ஆட்டத்தில் ஃபால்ஸ் ஸ்டார்ட் இரண்டுக்குள் நின்றால் நமக்கு வாய்ப்பு இருக்கிறது. பந்தோடு ஓடும் பாக்ஸ்டரும் விஸ்னரும் முட்டி முட்டி நான்கு நான்கு யார்டாக எடுத்தால் கூட்டம் தானாக அடங்கும். ஆர்ச்சை முதல் பந்திலிருந்தே வீரன் ஆக்கப் பார்த்தால் கதை முடிந்தது.

தம்பி, 9:31
நீ எந்தப் பக்கம்?

நான், 9:32
உன் பக்கம்தான். ஆனால் ஸ்கோர் கேட்டால் ஒஹாயோ 24, டெக்சாஸ் 20.

தம்பி, 9:32
துரோகி.

நான், 9:33
தோற்றாலும் தலை போகாது. இப்போது கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் 12 அணி. அவர்களே போன வருடம் இரண்டு தோற்றுவிட்டுத்தான் கோப்பை வாங்கினார்கள்.

பெரியப்பா, 9:35
எல்லோரும் ஸ்கோர் சொல்லுங்கள். டைரியில் எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

தம்பி, 9:35
டெக்சாஸ் 31-17

ஆஸ்டின் சித்தப்பா, 9:36
டெக்சாஸ் 23-20. கடைசியில் ஃபீல்டு கோல்.

கொலம்பஸ் அத்தான், 9:36
ஒஹாயோ 27-13

கொலம்பஸ் அக்கா, 9:37
ஒஹாயோ 20-10. தம்பி, விடியற்காலையில் கேம்டே டிவி நிகழ்ச்சியின் செட்டுக்கு வருகிறாயா? லீ கோர்சோவுக்கு இதுதான் கடைசி நிகழ்ச்சி. 1987-லிருந்து உட்கார்ந்திருக்கிறார், வயது 90. அணியின் தலைப்பொம்மையை மாட்டிக்கொண்டு யார் ஜெயிப்பார்கள் என்று சொல்வாரே, அதை முதன்முதலில் 1996-இல் எங்கள் ஊரில்தான் ஆரம்பித்தார்.

தம்பி, 9:38
அவர் எந்தத் தலையை மாட்டுவார் என்று தெரிந்ததுதானே. இருந்தாலும் வருகிறேன்.

அம்மா, 9:40
நான் யாருக்கும் ஸ்கோர் சொல்லவில்லை. பெரியவளே, அவனுக்கு ஸ்டேடியம் போகும் முன் இட்லி கொடு. வெயிலில் நிற்கப் போகிறான்.

கொலம்பஸ் அக்கா, 9:41
மாவு அரைத்தாயிற்று சித்தி.

தம்பி, 9:42
அக்கா, காதில் வைக்கப் பஞ்சு இருக்கிறதா? சத்தம் அவ்வளவு இருக்கும் என்று இவள் பயமுறுத்துகிறாள்.

கொலம்பஸ் அக்கா, 9:43
அந்தச் செங்கல் சட்டையைக் கிழித்து வைத்துக்கொள்.