கண்ணாடி போட்டால்தான் காது கேட்கிறது என்கிறார் அப்பா. உண்மையாக இருக்குமா?

தாமிரபரணி மகள்:
அப்பாவுக்கு 74 வயது. இரண்டு வருடமாகக் காது மெஷின் வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் மெஷினை மாட்டுவார், ஆனால் மூக்குக்கண்ணாடி வரும்வரை "இரு, கண்ணாடி போட்டுக்கிறேன், அப்பத்தான் நீ பேசுறது கேக்கும்" என்பார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சோதித்துப் பார்த்தேன். அடுக்களையில் நின்றபடி "தட்டு எங்கே?" என்று கேட்டால், "எந்தக் கட்டு?" என்கிறார். எதிரில் வந்து அதே குரலில் கேட்டால் உடனே எடுத்துத் தருகிறார். போனில் தடுமாறுகிறார். வீடியோ காலில் படம் பிந்தி வந்தால் அதைவிட மோசம். கண்ணுக்கும் காதுக்கும் என்ன தொடர்பு?

ஒலிக்கூடம்:
நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர். அப்பா சொல்வது உண்மை. தயவுசெய்து வீட்டில் யாரும் சிரிக்க வேண்டாம்.

முதலில் 'தட்டு' விஷயம். வயதானால் பெரும்பாலும் கூர்மையான, மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். பட்டு, தட்டு, கட்டு மூன்றையும் பிரித்துக் காட்டும் தடயம் அங்கேதான் நிறைய இருக்கிறது. காது தவறவிடும் அதே தடயம் வாயில் தெரிகிறது: 'ப'வுக்கு உதடு மூடும், 'த'வுக்கு நாக்கு நுனி பல்லைத் தொடும், 'க' உள்ளே மறைந்துவிடும். இரைச்சல் கூடக்கூட முகம் பார்ப்பதன் பலனும் கூடும் என்று சம்பி, பொல்லாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1954-லேயே காட்டிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பின்னால் இருக்கும் தாளக் கணக்கு. நாம் பேசும்போது ஒலி ஒவ்வோர் அசைக்கும் ஏறி இறங்குகிறது, வினாடிக்குச் சுமார் 2 முதல் 7 முறை. வாய் திறந்து மூடுவதும் அதே வேகம்தான். மூளையில் தீட்டா என்ற அலை வினாடிக்கு 4 முதல் 8 முறை அடிக்கிறது. அதன் ஒவ்வொரு சுற்றிலும் நரம்பு செல்கள் ஒரு கணம் விழிப்பாகவும் அடுத்த கணம் சற்று மந்தமாகவும் இருக்கும். அசை வந்து விழும் நேரமும் விழிப்பான கணமும் பொருந்தினால் பேச்சு தெளிவாகப் பதியும்.

கண் உதவுவது இங்கேதான். பல சமயம் ஒலி வருவதற்கு 100 முதல் 300 மில்லிவினாடி முன்பே உதடு அசையத் தொடங்கிவிடும். அதைக் கண்ட மூளை, கேட்கும் பகுதியின் தாளத்தை முன்கூட்டியே சரிசெய்து வைக்கிறது என்று ஷ்ரோடர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2008-ல் முன்வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1997-ல், சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் பார்த்தாலும் கேட்கும் பகுதி வேலை செய்வது ஸ்கேனில் தெரிந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது மூளையின் சொந்தத் தாளம் பேச்சோடு இணைவதா, அல்லது அசைக்கு அசை எழும் தனித்தனிப் பதிலா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

வீடியோ கால்: இயற்கையில் ஒலிதான் ஒளிக்குப் பிந்தி வரும். அதனால் ஒலி சற்றுப் பிந்தினால் மூளை பொறுத்துக்கொள்ளும். ஒலி முந்தி உதடு பிந்தினால் அந்த முன்னறிவிப்பே குழம்பிவிடும். அந்த நேரத்தில் படத்தை அணைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள்.

கரிசல் காடு:
1976-ல் மக்கர்க், மக்டொனால்டு செய்த சோதனையையும் சொல்லுங்கள் சார். 'பா' என்ற ஒலியை, 'கா' என்று சொல்லும் முகத்தோடு சேர்த்துக் காட்டினால் பலருக்கு 'டா' என்று கேட்கும். நான் பார்த்தேன். விஷயம் தெரிந்த பிறகும் 'டா'தான் கேட்டது. கண்ணை மூடினால் 'பா'.

மௌனராகம் 82:
எனக்குச் சிறு வயதிலிருந்தே காது கேட்பது குறைவு. உதட்டை மட்டும் நம்ப முடியாது. பல்லி, மல்லி இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான். கடைக்குப் போகச் சொன்னால் மல்லி என்று நானே ஊகித்துக்கொள்வேன். அப்பாவிடம் கத்த வேண்டாம், கத்தினால் வாய் கோணும். வார்த்தை வார்த்தையாக வெட்டியும் பேசாதீர்கள், ஓட்டம் போய்விடும். அப்புறம், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். முகம் இருட்டாகிவிடும்.

தாமிரபரணி மகள்:
கடைசி வரியைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடிதான் கிடந்தது. எதிரில் நின்று பேசும் எங்கள் முகமெல்லாம் இத்தனை நாளும் அவருக்கு நிழல்தான். திருப்பிப் போட்டுவிட்டேன். கண்ணாடியைத் துடைத்து மெஷின் டப்பா பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.