ஸ்பாலிங்: செதிலுதிர்வா, பொருக்குதிர்வா?

செங்கல்லின் மேல்முகம் பெயர்ந்து விழுவதை ஆங்கிலத்தில் ஸ்பாலிங் (spalling) என்கிறார்கள். கட்டடச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் அதற்கு ஒருவர் சொன்னது:

> செங்கல் ஸ்பாலிங்குக்குச் 'செதிலுதிர்வு' என்று வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் தோல் மருத்துவர் ஞாபகம் வந்துவிடுகிறது. தவிர, செதில் மெல்லியது. டொராண்டோவில் நான் குடியிருக்கும் பழைய வீட்டின் புகைபோக்கியிலிருந்து விழுவது அப்படியில்லை. மார்ச்சில் பனி கரைந்ததும் வாசலில் கிடக்கும். ஒரு பக்கம் வழவழவென்று செங்கல்லின் முகம், மறுபக்கம் சொரசொரப்பு, கனம் அரை விரல். அது இருந்த இடத்தில் கை வைத்தால் செம்பொடி ஒட்டுகிறது.

வீட்டுச் சுவருக்கு உள்பக்கமாவது கதகதப்பு உண்டு. கூரைக்கு மேலே நிற்கும் புகைபோக்கிக்கு நாலு பக்கமும் மழை, பனி. செங்கல் குடித்த நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கிறது. பகலில் உருகி இரவில் உறைந்து, மாறி மாறி இது நடக்க, மேல்முகம் உள்ளிருந்து தள்ளப்பட்டுப் பெயர்கிறது. வெளியிலிருந்து எதுவும் தேய்க்கவில்லை. ஆகவே 'அரிப்பு' சரிவராது. 'உறைபெயர்வு'ம் வேண்டாம்; பனியே பெய்யாத கடலோர ஊர்களில் உப்பு படிகமாகி இதே வேலையைச் செய்கிறதே.

எங்கள் வீட்டில் இன்னொரு கூத்து. முன்பு இருந்தவர் யாரோ பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டுக் கெட்டி சிமென்ட்டால் பாயிண்டிங் (செங்கல் இடுக்குகளில் சாந்து அடைப்பது) செய்திருக்கிறார். சாந்து செங்கல்லைவிட மெத்தென்று இருக்கவேண்டும். அப்போதுதான் ஈரம் சாந்து வழியே வெளியேறும். கெட்டாலும் சாந்துதான் கெடும், அதைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். இங்கே தலைகீழ். சிமென்ட் கட்டம் கட்டமாக அப்படியே நிற்க, நடுவில் செங்கல் குழிந்துபோய்த் தேன்கூடு மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை 'பொருக்குதிர்வு'. புண் ஆறும்போது பொருக்குத் தட்டுகிறது, ஏரி வற்றினால் மண் பொருக்கு விடுகிறது. கெட்டியான மேல்படை தனியே கழன்று வருவதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல்.

> பொருக்கு என்றால் மேலே புதிதாகப் படிந்தது அல்லவா? செங்கல்லின் முகம் செங்கல்லேதானே? அப்புறம், பாதிப் பேர் 'பொறுக்கு' என்று தட்டச்சுவார்கள்.

ஏரிப் பொருக்கும் அதே ஏரி மண்தான். தட்டச்சு விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். வாசலில் நான் பொறுக்கிக்கொண்டிருப்பதும் உண்மைதான்.

செங்கல்லில் நீர் இறங்காமல் தடுக்கும் சீலருக்குப் (sealer) 'பாதுகாப்புப் பூச்சு' என்று போன வாரம் முடிவானதை மட்டும் மறுபடி எடுக்கவேண்டும். பூச்சு என்றதும் மேலே ஏடுபோல் படிகிற பெயின்ட்டை வாங்கிப் பூசிவிடுவார்கள். உள்ளே போன ஈரம் அங்கேயே மாட்டிக்கொள்ளும், அடுத்த குளிரில் இன்னும் மோசம். இங்கே தேவைப்படுவது சைலேன், சிலாக்ஸேன் வகை. செங்கல்லுக்குள் ஊறி, மழைநீரைத் தள்ளும், ஆவியை வெளியே விடும். 'நீர்விலக்கி' போதும்.

மிச்சம் இருப்பது புகைபோக்கியின் தலையில் சரிவாக வார்க்கும் கான்கிரீட் மூடி. 'மகுடம்' எனக்குச் சம்மதம். அது செங்கல்லைத் தாண்டி நீட்டியிருக்கும். நீர் அடிவழியே சுவருக்கு ஓடாமல் சொட்டிவிட, விளிம்புக்கு அடியில் ஒரு காடி, அதாவது நீளமான சிறு பள்ளம், இருக்கும். ஊரில் சன்ஷேடுக்கு அடியிலும் இதே காடியை விடுகிறார்களே, கொத்தனார்கள் அதை என்ன சொல்கிறார்கள்? யாராவது கேட்டு எழுதுங்கள்.