ஊரில் முதியோர் இல்லம் கட்டுவதா, வீடு தேடிச் செல்லும் பராமரிப்பைத் தொடங்குவதா?

கேள்வி: வலிகாமத்து வாசி

அன்புடையீர், வணக்கம்.

புலம்பெயர்ந்து வாழும் எம்மூரவர்கள் எங்கள் சனசமூக நிலையத்தின் ஊடாக முதியோர் இல்லம் ஒன்றைக் கட்டித் தர முன்வந்திருக்கிறார்கள். காணியும் பேசியாயிற்று. நல்ல மனத்தோடு வரும் உதவியை மறுக்க எங்களில் எவருக்கும் விருப்பமில்லை. ஆயினும் நிர்வாகசபைக் கூட்டத்தில், இந்த இல்லத்துக்கு ஊரில் யார் யார் வரச் சம்மதிப்பார்கள் என்று ஓர் அம்மா கேட்டபோது, அங்கிருந்த ஒருவராலும் ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். தனித்திருக்கும் முதியவர்கள் பலருக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மாதம் தவறாமல் காசு வருகிறது; ஆனால் இரவில் வளவின் பின்புறம் இருக்கும் மலசலகூடத்துக்குப் போகக் கைபிடித்துவிட ஆளில்லை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர்களை, அவர்களிலும் அதிகம் தளர்ந்துபோன மனைவிமார் பார்த்து வருகிறார்கள். போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில்தான். அவர்களைத் தூக்கி இருத்தும் தாய்மாருக்கோ எழுபது கடந்துவிட்டது. அந்தத் தாய்க்குப் பிறகு யார் என்ற கேள்வியை ஊரில் எல்லோரும் மனதுக்குள் வைத்திருக்கிறோம், வாய்விட்டுப் பேசுவதில்லை.

கட்டடத்துக்கு வரும் பணத்தை வீடுகளுக்குச் சென்று பராமரிக்கும் சேவை ஒன்றுக்குத் திருப்பும்படி நன்கொடையாளர்களிடம் கேட்கலாமா? அப்படியாயின் எதிலிருந்து தொடங்குவது? அரச தரப்பில் யாரை அணுக வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.

பதில்: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், தெல்லிப்பழை

தம்பி, அந்த அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. கட்டடத்துக்கு முன்னர் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். கிராம அலுவலரிடம் இருக்கும் பதிவோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் சென்று, இங்கே படுக்கையில் இருப்பவர் யார், அவரைக் குளிப்பாட்டுவது யார், இரவில் அவரோடு இருப்பது யார், அந்த ஆள் கடைசியாக எப்போது ஓர் இரவு முழுவதும் நித்திரை கொண்டார் என்று கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். பராமரிப்பவர் முறிந்துபோனால், பராமரிக்கப்படுபவரும் அந்தக் கிழமையே வாட்டுக்கு வந்துவிடுவார் என்பதை என் சேவைக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன்.

வீடுகளில் நான் காணும் துன்பங்களில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அசைய முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாரிக்குக் கீழே, இடுப்பெலும்பின் இரு பக்கங்களிலும், குதிக்காலிலும் தோலைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அமத்தி எடுத்தால் ஒரு கணம் வெளிறிப் பின் சிவக்கும். வெளிறாமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். எங்களுடைய கறுத்த தோலில் அந்தச் சிவப்புத் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கல்லுப்போல இறுகியோ இருந்தால் அதையே அறிகுறியாகக் கொள்ள வேண்டும். அதன்மேல் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், நடுவில் ஓட்டையுள்ள வளையத்தின்மேல் இருத்துவதும் அன்பினால் செய்யப்படுபவைதான், ஆனால் இரண்டும் புண்ணைப் பெருக்கும். காற்று மெத்தை நல்லது. மின்சாரம் நின்றால் அதுவும் இறங்கிவிடும் என்பதால் பக்கம் மாற்றுவதை அது ஒருபோதும் ஈடுசெய்யாது.

உணவும் அப்படித்தான். பாரிசவாதம் வந்தவருக்குக் கஞ்சியைவிடத் தண்ணீரே அதிகம் புரைக்கேறும். படுக்கவைத்துக்கொண்டு கரண்டியால் பருக்குவதனால் நுரையீரலுக்குள் போய்ச் சளிச்சுரமாக முடிந்தவை எத்தனையோ. நிமிர்த்தி இருத்திக் கொடுத்து, உண்ட பின்னரும் அரை மணித்தியாலம் இருத்தியே வைத்திருக்க வேண்டும்.

இவற்றை வீட்டாருக்குப் பழக்குவதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. உங்கள் சனசமூக நிலையத்தின் மண்டபமும், ஒரு கட்டிலும், ஒத்துழைக்கக்கூடிய ஓய்வுபெற்ற தாதியர் இருவரும் போதும். அத்தோடு இரவல் கொடுக்கும் பொருட்தொகுதி ஒன்றை உருவாக்குங்கள்: கொமோட் கதிரை, சக்கர நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், நடைச்சட்டம். எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில், தாய் தந்தையர் காலமான பின்னர், வெளிநாட்டிலிருந்து அனுப்பிய இந்தச் சாமான்கள் விறாந்தையின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. கேட்டால் தருவார்கள்.

பதில்: சமூக சேவைத் துறையில் பணியாற்றியவர், சாவகச்சேரி

அரச தரப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும், முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் இயங்குகின்றன. கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்களை அமைப்பதும் அவற்றின் வேலைத்திட்டமே. உங்கள் பிரிவில் அந்தச் சங்கம் பெயரளவில் இருந்தால், புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்காமல் அதையே உயிர்ப்பியுங்கள். இல்லம் கட்டுவதாக இருந்தாலும் அதைப் பதிவு செய்யாமல் நடத்த இச்சட்டம் இடமளிப்பதில்லை என்பதை நன்கொடையாளர்களுக்கு இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

பெற்றோரைப் பராமரிக்கும் கடமை பிள்ளைகளுக்கு உண்டு என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்துப் பிள்ளைகளிடமிருந்து கொடுப்பனவு கோரலாம். எங்கள் சமூகத்தில் பிள்ளைமீது முறைப்பாடு எழுதிக் கையொப்பமிடும் தாயைக் காண்பது அரிது. நானும் அதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதை உத்தியோகத்தர் எடுத்துச் சொன்ன மாத்திரத்திலேயே பேச்சுவார்த்தையில் தீர்ந்த குடும்பங்கள் உண்டு.

கொடுப்பனவுகளைப் பொறுத்தவரை, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்த வருமானம் கொண்ட முதியோருக்கான மாதாந்தத் தொகை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கானது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இன்றைய விலைவாசியில் இது மருந்துக்கும் அணையாடைக்கும் காணாது. அப்படியிருந்தும், தகுதி இருந்து விண்ணப்பிக்காதவர்களையும், வங்கிக் கணக்குத் திறக்கப் போக இயலாமல் விட்டவர்களையும் உங்கள் கணக்கெடுப்பில் நிச்சயம் காண்பீர்கள். ஆட்டோ ஒன்றை ஒழுங்குசெய்து அவர்களைக் கூட்டிச் சென்று வருவதையே முதல் மாத வேலையாக எடுத்தால், ஊர் உங்களை நம்பத் தொடங்கும்.

பதில்: சக்கர நாற்காலிப் பாவனையாளர், வடமராட்சி

கேள்வியில் எங்களைப் போன்றவர்களைப் பற்றியும் எழுதியமைக்கு நன்றி. தலைப்பில் மட்டும் நாங்கள் இல்லை. "முதியோர் இல்லம்" என்று தொடங்கினால், இருபது முப்பது வருடங்கள் வாழவேண்டிய ஒருவரை வாழ்ந்து முடித்தவர்களோடு ஒரு அறையில் படுக்கவைப்பதில்தான் அது முடியும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை எமக்கும் உண்டு என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது.

எனக்குத் தேவைப்பட்டது முதலில் ஒரு சாய்தளமும் ஒரு மலசலகூடமும். ஒரு அடி உயரமுள்ள படிக்குப் பன்னிரண்டு அடி நீளமான சாய்தளம் வேண்டும். நன்கொடை வந்த வேகத்தில் மேசன்மார் அதை நான்கு அடியில் கட்டிவிட்டுப் போனால், நாற்காலியில் இருப்பவர் பின்புறமாக விழுவார். எங்கள் ஊர்களில் கிணற்றடியும் மலசலகூடமும் வீட்டிலிருந்து தள்ளி இருப்பதால், மாரியில் சேற்றுக்கும் பாசிக்கும் நடுவே தாய்மார் எங்களைத் தூக்கிச் செல்கிறார்கள். அறையோடு சேர்த்து, அகன்ற கதவும் கைபிடியும் உள்ள ஒரு கொமோட் மலசலகூடத்தைக் கட்டினால், அந்தத் தாயின் முதுகும் அந்த மகனின் மானமும் ஒன்றாகக் காப்பாற்றப்படும். இல்லம் ஒன்றுக்கு ஒதுக்கும் பணத்தில் எத்தனை வீடுகளுக்கு இதைச் செய்யலாம் என்று கணக்குப் பாருங்கள்.

முள்ளந்தண்டு பாதிப்பைப் பற்றி உங்கள் தொண்டர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு, சிறுநீர் வெளியேறச் செருகியிருக்கும் குழாய் அடைபட்டால் திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வேர்த்துச் சிவந்து, இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு ஏறலாம். அப்போது அவரைப் படுக்கவைக்கக் கூடாது. நிமிர்த்தி இருத்தி, குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து, அடங்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மாங்குளத்தில் உயிரிழை அமைப்பை நடத்துபவர்கள் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே, அவர்களோடு பேசுங்கள். செயற்கைக் கால், நாற்காலி தொடர்பாக 1987 முதல் இயங்கிவரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தை அணுகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் நிர்வாகசபையில் எங்களில் ஒருவருக்கு இடம் கொடுங்கள்.

பதில்: இல்லம் ஒன்றின் நிர்வாகத்தில் இருந்தவர், நல்லூர்

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இல்லமே தேவையில்லை என்ற முடிவுக்கு ஊரவர்கள் வந்துவிடக் கூடாது. பிள்ளைகளைப் போரில் இழந்து, உறவென்று சொல்ல ஒருவருமின்றி இருப்பவர்களை நான் அறிவேன். வீட்டுக்குச் செல்லும் தொண்டர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அதன் பின்னர் வரும் இரவு தனியாகத்தான் கழிய வேண்டும். கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது, சமய நிறுவனங்களின் இல்லங்களும் இருக்கின்றன. அவர்களைச் சேர்ப்பிக்க முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கட்டுவதாயின், நிரந்தரமாகத் தங்குவதற்கன்றி, ஓரிரு கிழமைகள் மாத்திரம் தங்குவதற்கான நான்கைந்து கட்டில்களோடு கட்டுங்கள். பராமரிக்கும் மகள் சத்திரசிகிச்சைக்குப் போகும்போதோ, தாய் ஒருத்தி தன் சகோதரியின் மரணவீட்டுக்கு வவுனியாவுக்குப் போகும்போதோ நோயாளியை விட்டுச் செல்ல ஓரிடம் வேண்டும். அந்த வசதி எங்கள் மாவட்டத்தில் மிக அரிது. மற்றொன்று: கட்டுவதற்குத்தான் நன்கொடை எளிதில் கிடைக்கும், கல்வெட்டில் பெயர் வரும். மாதச் சம்பளத்துக்குக் கேட்கும்போது பதில் வருவது குறைந்துவிடும். ஆகவே பணியாளரின் மூன்று வருடச் சம்பளத்துக்கான தொகை வங்கியில் வைப்பிலிடப்பட்டாலொழிய அத்திவாரம் வெட்டுவதில்லை என்று தீர்மானம் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அச்சிட்டுக் கூட்டத்தில் வாசித்தோம். கணக்கெடுப்பை மாதர் சங்கத்தினர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். கட்டடத்தைத் தள்ளிவைத்து, மலசலகூடங்களுக்கும் சாய்தளங்களுக்கும் முதல் தொகையைத் தருமாறு வெளிநாட்டுக் கிளைகளுக்குக் கடிதம் எழுதுகிறோம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட சகோதரர் ஒருவரை நிர்வாகசபையில் சேர்த்திருக்கிறோம். சாய்தளங்களின் அளவை அவரே பார்த்து ஒப்புதல் தருவார். இன்னும் ஒன்றில் மட்டும் தெளிவில்லை. வீடுகளுக்குச் செல்லும் பெண்களைத் தொண்டர்களாக வைத்திருப்பதா, சம்பளம் கொடுப்பதா என்பதில் கருத்து இரண்டாக நிற்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், தெல்லிப்பழை

சம்பளம் கொடுங்கள், தம்பி. மலசலம் துடைத்து, புண் கழுவி, ஆளைத் தூக்கி இருத்தும் வேலையைப் புண்ணியத்துக்குச் செய்யுங்கள் என்று, ஏற்கெனவே குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்களிடம் கேட்பது நியாயமன்று. சில மாதங்களில் அவர்கள் நின்றுவிடுவார்கள், அதற்குள் அவர்களை நம்பத் தொடங்கிய நோயாளிகள் கைவிடப்படுவார்கள். துணைக்கு இருந்து பேசுவது, பத்திரிகை வாசித்துக் காட்டுவது, கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது ஆகியவற்றுக்குத் தொண்டர்கள் போதும். உடலைத் தொட்டுச் செய்யும் வேலைக்கு வருபவர்களுக்குச் சம்பளமும், கையுறையும், என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும் பராமரிப்பாளர் பயிற்சியும் வேண்டும். சான்றிதழ் கிடைத்ததும் சிலர் வெளிநாட்டுக்குப் போகக்கூடும். அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. ஆகையால் ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சிலரைப் பயிற்றுவிப்பதற்கான செலவையும் நீங்கள் அனுப்பும் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.