சென்சிடைசருக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோவை:
அன்புள்ள குழுவினருக்கு, குரோமிய முலாம் பூசும் பட்டறைகளுக்கான பாதுகாப்புத் தாளை மொழிபெயர்க்கிறேன். குரோமிக் அமிலத்துக்கு இரண்டு எச்சரிக்கைகள்: கரோசிவ், ஸ்கின் சென்சிடைசர் (தோலை அலர்ஜிக்குப் பழக்கிவிடுவது). முதலாவதற்கு 'தோலை அரிக்கும்' என்று போட்டுப் பட்டறையில் வாசித்துக் காட்டினேன். "அரிச்சா சொறிஞ்சுக்கலாம் சார்" என்றார் ஒருவர். இரண்டாவதற்கு எழுதிய 'கூருணர்வூட்டி' எனக்கே கூசுகிறது.

மதுரை:
'அரி' நல்ல வேர். அரிவாளில் இருப்பது, செல் அரிப்பது, ஆறு கரையை அரிப்பது எல்லாம் அதுதான். 'அரிசி'யும் இதிலிருந்தே வந்தது என்பது என் துணிபு.

கோவை:
ஐயா, அரிசி அப்புறம்.

சிங்கப்பூர்:
இரண்டும் வேறு வேறு என்பதைச் சொல் காட்ட வேண்டும். அமிலம் பட்டவுடன் புண்ணாக்கும். சென்சிடைசேஷன் அப்படியல்ல. குரோமிக் அமிலத்தில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் தோலுக்குள் போய், மூவிணைதிறம் என்ற வேறு வடிவமாக மாறிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைக் குறித்துவைத்துக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் பட்டாலும் ஓரிரு நாளில் தடிப்பு. சிமெண்ட் வேலை செய்பவர்களுக்கு வருவதும் இதே குரோமிய வினைதான்.

சோதிப்பதிலும் இந்தக் குழப்பம் உண்டு. சுண்டெலியின் காதில் மூன்று நாள் தடவி, நிணநீர்க் கணுவில் உயிரணுப் பெருக்கம் 3 மடங்கானால் சென்சிடைசர்தான் என்பார்கள். ஆனால் வெறும் எரிச்சலே சில சமயம் பொய்யாக 3 மடங்கைக் காட்டிவிடும். அதனால் புண்ணாக்காத அளவுக்கு நீர்க்கச் செய்துதான் தடவ வேண்டும். தோலைப் பொசுக்கும் கடும் அமிலம் என்றால் ஐரோப்பாவின் வேதிப்பொருள் சட்டமான ரீச் புதிய விலங்குச் சோதனையே கேட்பதில்லை.

தஞ்சாவூர்:
'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்ற குறளில் ஊறு என்றால் தொடுவுணர்வு. தீங்குக்கும் அதே சொல். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: 'ஊறாக்கி'.

கோவை:
ஊறுகாய் என்று படிப்பார்கள்.

மதுரை:
முதல் தடவை பேசாமலிருந்து, மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை பாய்வதற்குக் கறுவுதல் என்று பெயர். 'கறுவூட்டி' என்று வைப்போமே.

சிங்கப்பூர்:
பொருள் அபாரம். யாருக்குப் புரியும்?

மதுரை:
பழக்கினால் புரியும். பேருந்து புரியவில்லையா?

சிங்கப்பூர்:
பேருந்து போனால் அடுத்தது வரும் ஐயா. தோல்?

யாழ்ப்பாணம்:
'ஒவ்வாமையாக்கி' எண்டு போட்டுவிடுங்கோ. எங்கட பக்கம் ஒவ்வாமை எண்டால் எல்லாருக்கும் விளங்கும்.

சிங்கப்பூர்:
ஒவ்வாமை என்பது விளைவு. அதற்கு முந்தைய, வெளியே தெரியாத கட்டத்துக்கு இன்னும் சொல் இல்லை. சரி, வெள்ளிக்கிழமைக்கு இது போதும்.

கோவை:
அச்சுக்குப் போய்விட்டது. ஒன்று: 'பட்ட இடத்தில் சதைவரை வெந்து புண்ணாகும்.' இரண்டு: 'ஒவ்வாமையாக்கி. பட்டுப் பட்டு அலர்ஜி வரும். வந்தபின் துளி பட்டாலும் கிளம்பும்.' அரிப்பு என்ற சொல்லை இரண்டிலும் தவிர்த்துவிட்டேன். நன்றி.

மதுரை:
'ஒவ்வாமையாக்கி' ஒவ்வாமையை ஆக்குவதா, ஒவ்வாமையாக ஆக்குவதா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அரிசிக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.