மெனோவின் அடிமைச் சிறுவன் தானாகவே கண்டறிந்தானா?

கேள்வி:
பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில், வடிவியல் படித்திராத ஓர் அடிமைச் சிறுவனிடம், இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தைவிட இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று சாக்ரடீஸ் வினவுகிறார். தாம் எதையும் கற்பிக்கவில்லை, கேட்க மட்டுமே செய்வதாக மெனோவிடம் வலியுறுத்துகிறார். ஆனால் பெரும்பாலான வினாக்களுக்கு ‘ஆம்’ என்றாலே போதும். விடையான மூலைவிட்டத்தை (முதல் சதுரத்தின் எதிர்மூலைகளை இணைக்கும் கோடு; அதுவே புதிய சதுரத்தின் பக்கம்) அறிமுகப்படுத்துபவரும் அவர்தான். இது அறிவை வெளிக்கொணர்வதா, விடையை ஊட்டிவிடுவதா? எட்டாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துவதால் கேட்கிறேன்.

மறுமொழி 1:
மூலைவிட்டத்தைப் பொறுத்தவரை தங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் அதற்கு முன் நடப்பதைப் பாருங்கள். சிறுவன் முதலில் நான்கடி என்கிறான். பரப்பு 8 வருவதற்குப் பதிலாக 16 வருகிறது. அடுத்து மூன்றடி என்கிறான்; 9 வருகிறது. இரண்டும் அவனுடைய சொந்த விடைகள், அவை பிழை என்பதையும் கணக்கிட்டு அவனே ஒப்புக்கொள்கிறான். எனக்குத் தெரியவில்லை என்று அவன் சொன்னதும் சாக்ரடீஸ் மெனோவின் பக்கம் திரும்பி, தெரியும் என்று எண்ணியிருந்தவன் இனித்தான் தேட விரும்புவான் என்கிறார். என் பார்வையில் உரையாடலின் உயிர்நாடி இதுவே. மேலும், 8-இன் வர்க்கமூலம் முழு எண்ணாகவோ பின்னமாகவோ அமையாததால், எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டே இருந்தால் சிறுவன் எந்நாளும் கரையேற முடியாது. அதனால்தான், எண்ணிச் சொல்ல விரும்பாவிட்டால் எந்தக் கோடு என்று காட்டு என வினாவையே மாற்றுகிறார். நல்ல ஆசிரியரின் கைத்திறன் இங்கேதான் தெரிகிறது.

மறுமொழி 2:
மேலுள்ள பதிலில் எனக்குப் பாதி உடன்பாடுதான். சிறுவனை, கேள்வி கேட்டே கற்பிக்கும் முறையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவோர், சாக்ரடீஸே அடுத்துக் கூறுவதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்: அவனுடைய கருத்துகள் இப்போதைக்குக் கனவுபோல எழுந்திருக்கின்றன; இவற்றையே பலமுறை, பலவிதமாகக் கேட்டால்தான் அறிவாக உறுதிப்படும். எனவே, ஒரே பாடவேளையில் கிடைத்த ‘ஆம்’களை நம்பாமல், மறுநாள் வேறு அளவுள்ள சதுரத்தைக் கொடுத்து, காரணத்தையும் மாணவர்களையே சொல்லச் சொல்லுங்கள். மூலைவிட்டம் என்ற பெயரைச் சாக்ரடீஸ் கேட்டு வாங்கவில்லை, நேரடியாகவே சொல்லிவிடுகிறார். பெயர்களைப் போல வழக்கத்தால் அமைந்தவற்றை ஆசிரியர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முதலில் மாணவர்களின் ஊகங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கட்டத்தாளில் அவர்களையே சரிபார்க்க வைக்கிறேன். மூலைவிட்டத்தை ஒருவரும் எட்டாவிட்டால் என்ன செய்வது?

மறுமொழி 1:
ஒரே அளவுள்ள இரண்டு காகிதச் சதுரங்களைக் கொடுத்து, வெட்டி ஒட்டி ஒரே சதுரமாக்கச் சொல்லுங்கள். கத்தரி எங்கே செல்ல வேண்டும் என்பதை மட்டும் தாங்கள் காட்டிவிடாதீர்கள்.