ஆம்ப் மாடலர்: ஹெட்போனில் நிறைவாக ஒலிப்பது மேடையில் கெடுவது ஏன், எதை வாங்கலாம்?

கேள்வி (பெரம்பூர்)

வணக்கம். அடுக்ககத்தில் குடியிருப்பதால் இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் எலெக்ட்ரிக் கிட்டார் பயிற்சி செய்ய முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும், முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவோடு திருமண வரவேற்புகளிலும் வாசிக்கிறேன். நண்பரிடம் இரவல் வாங்கிய சிறிய மாடலர் (ஆம்ப்களின் ஒலியை மென்பொருளால் உருவாக்கும் கருவி) ஒன்றில் நானே அமைத்த பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) ஹெட்போனில் அருமையாக இருக்கிறது. அதையே, ஸ்பீக்கரும் சேர்ந்தே உள்ள தேவாலயத்துக் காம்போ ஆம்ப்பின் இன்புட்டில் செருகினால், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் மங்கிவிடுகிறது. மண்டபத்தில் நேராக மிக்ஸருக்குக் கொடுத்தால் அடித்தந்திகள் குமுறுகின்றன, லீட் (தனி வாசிப்பு) காதைக் குத்துகிறது, கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்தவுடன் கிட்டார் இருக்கும் இடமே தெரிவதில்லை. குவாட் கார்ட்டெக்ஸ் போன்ற விலை கூடிய கருவிக்கு மாறினால் இது தீருமா, அல்லது எச்.எக்ஸ். ஸ்டாம்ப் போன்ற சிறியதே போதுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (வேளச்சேரி)

நண்பரே, கருவியை மாற்றும் முன் இந்த இரண்டு கோளாறுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. டிஸ்டார்ஷனில் பிறக்கும் கரகரப்பை வடிகட்டி நமக்குப் பழகிய கிட்டார் ஒலியாக்குவது அந்த ஸ்பீக்கர்தான். ஹெட்போனிலும் மிக்ஸரிலும் அப்படிப்பட்ட ஸ்பீக்கர் இல்லாததால், மாடலர் தன் பேட்ச்சுக்குள் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செயல்படும் கேபினட் என்ற பகுதியையோ, அத்தகைய பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த ஐ.ஆர். கோப்பையோ வைத்து அந்த வேலையைச் செய்கிறது. அந்தப் பேட்ச்சை அப்படியே காம்போ ஆம்ப்புக்குக் கொடுத்தால் வடிகட்டல் இரண்டு முறை நடக்கிறது. தேவாலயத்தில் ஒலி மங்குவது இதனால்தான். அங்கே வாசிக்கும்போது கேபினட் பகுதியை அணைத்துவிடுங்கள். ஆம்ப்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்ற துளை இருந்தால் முன்பக்க இன்புட்டை விட்டுவிட்டு அதில் செருகுங்கள். அப்போது அந்த ஆம்ப்பின் பிரீஆம்ப் (ஒலியின் தன்மையை அமைக்கும் முன்பகுதி) குறுக்கே வராது.

மண்டபத்தில் நடப்பது காது சம்பந்தப்பட்டது. ஒலி குறைவாக இருக்கும்போது நம் காது கீழ்ச்சுருதிகளையும் உச்சச்சுருதிகளையும் குறைத்தே உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் அளந்து காட்டினார்கள். இரவில் ஒலியைத் தணித்துப் பேட்ச் அமைப்பவர் குறைவாகக் கேட்கிறதே என்று பேஸையும் டிரெபிளையும் ஏற்றிவிடுகிறார். மேடையின் உரத்த ஒலியில் அந்த ஏற்றம் முழுவதும் வெளிப்படுகிறது. 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ கட், 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஹை கட் வையுங்கள்; அந்த எல்லைகளுக்கு அப்பால் உள்ள ஒலியை அவை வெட்டிவிடும். மிட்ஸை (நடுச்சுருதிகளை) கூட்டி, ரிவெர்பையும் (எதிரொலி) கெயினையும் (கரகரப்பின் அளவு) குறையுங்கள். தனியாகக் கேட்டால் அந்த ஒலி சற்றே வறண்டதாகத் தோன்றும். குழுவோடு சேரும்போது அதுதான் தனித்துக் கேட்கும். ஜாமிங் ரூம் ஒன்றை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, மேடையில் இருக்கும் அளவு ஒலியில் பேட்ச்சைச் சரிசெய்வதே நல்லது.

மறுமொழி (சவுண்ட் இன்ஜினியர், வடபழனி)

தம்பி, மேலே சொல்லியிருப்பது சரியே. மிக்ஸர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். ஸ்டீரியோவைக் கேட்காமல் மோனோவாக ஒரே கேபிள் கொடுங்கள். கிளீன் (கரகரப்பு இல்லாதது), கிரஞ்ச் (லேசான கரகரப்பு), லீட் மூன்றின் ஒலி அளவையும் வீட்டிலேயே ஒப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒரு பேட்ச் திடீரென்று உரக்க வந்தால் நான் ஃபேடரை இறக்குவேன், அடுத்த பாட்டில் நீங்கள் காணாமல் போவீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (கருவியை மிக்ஸருடன் இணைக்கும் சிறு பெட்டி) ஒன்று உங்களிடமே இருக்கட்டும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மைக்குகளுக்காக மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரும் உங்கள் கருவியை அண்டாது. அடாப்டரின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த நொடியில் சாதாரண பெடல் அணைந்து உடனே உயிர்பெறும். மாடலரோ ஒரு கணினி என்பதால் முதலிலிருந்து பூட் ஆகும், அதற்குள் பல்லவி முடிந்துவிடும். சிறிய யு.பி.எஸ். ஒன்றைக் கூடவே எடுத்து வாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. உங்கள் இருவரின் பதிலையும் படித்துவிட்டு இந்த ஞாயிறு கேபினட்டை அணைத்து எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் வாசித்தேன். ஒலி தெளிந்துவிட்டது. இரவல் கருவியைத் திருப்பித் தர வேண்டியிருப்பதால் எதையாவது வாங்கியாக வேண்டும். பாட்டுக்குப் பாட்டு ஒலி மாறும் மெல்லிசை மேடைக்கு எச்.எக்ஸ். ஸ்டாம்ப்பின் மூன்று சுவிட்சுகள் போதுமா?

மறுமொழி (வேளச்சேரி)

போதும் என்றே நினைக்கிறேன். பாட்டின் நடுவே பிரிசெட் (பேட்ச்சுக்கு இன்னொரு பெயர்) மாற்றினால் ஒலி ஒரு கணம் அறுபடும். அதனால் ஒரே பிரிசெட்டுக்குள் ஸ்னாப்ஷாட்டுகளாக (அதன் வெவ்வேறு நிலைகளாக) கிளீன், ரிதம், லீட் மூன்றையும் அமைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே மாறும்போது இடைவெளி விழாது. சுவிட்ச் போதாவிட்டால் பின்புறத் துளையில் வெளி சுவிட்சுகள் இரண்டைச் சேர்க்கலாம். 2018-இல் இது வந்தபோது ஒரு பிரிசெட்டில் ஆறு பிளாக்குகளே வைக்க முடிந்தது, 3.0 மென்பொருளுக்குப் பிறகு எட்டு வைக்கலாம். ஆம்ப், கேபினட், டிரைவ், டிலே, ரிவெர்ப் என்று கணக்கிட்டால் உங்களுக்குத் தாராளம்.

கால் பட்டால் உடனே மாறும் சுவிட்சுகள் வரிசையாக வேண்டும் என்றால் பாஸ் ஜி.எக்ஸ்-100 போன்ற தரைப்பலகை வகையைப் பாருங்கள். குவாட் கார்ட்டெக்ஸின் தனிச்சிறப்பு, உங்களிடம் உள்ள ஆம்ப்பின் ஒலியையே பதிந்து வைத்துக்கொள்ளும் கேப்சர் வசதி. பதிவதற்கென்று சொந்த ஆம்ப் இல்லாதவர் ஸ்டாம்ப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விலையை அதற்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்பும் உள்ளேயே உள்ள ஸ்பீக்கர்) வாங்கினால், மண்டபத்து மானிட்டர் (வாசிப்பவருக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) எப்படி இருந்தாலும் உங்கள் ஒலி உங்களுக்குக் கேட்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். அண்ணா சாலையில் 1842 முதல் நடக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் முன்கூட்டியே தொலைபேசியில் இருப்பைக் கேட்டுக்கொண்டு போகலாம். ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவெடுக்காமல், ஸ்பீக்கரில் இணைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுப் பயிற்சிக்கு வயர் உள்ள ஹெட்போனே ஏற்றது. புளூடூத்தில் வரும் தாமதத்தோடு தாளத்தில் நிற்க முடியாது.

மறுமொழி (சவுண்ட் இன்ஜினியர், வடபழனி)

ஸ்டாம்ப் வாங்கினால் அதன் அடாப்டரைப் பத்திரப்படுத்துங்கள். அது 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்கும் கருவி. பெடல் போர்டுகளில் இருக்கும் வழக்கமான பவர் சப்ளையின் ஒரு வாயிலிலிருந்து அவ்வளவு கிடைக்காது, மேடையில் யாரிடமும் இரவல் வாங்கவும் முடியாது. முடிந்தால் கூடுதலாக ஒன்று வாங்கி, கிட்டார் பையிலேயே வைத்துவிடுங்கள்.