கதையில் உரையாடல்: மேற்கோள்குறியை எங்கிருந்து தொடங்கிக் கற்றுத்தருவது?

கரும்பலகை கேட்டது:

4ஆம் வகுப்பில் காக்கா நரிக் கதையைச் சொந்த நடையில் எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது:

நரி காக்காவிடம் "நீ அழகாக இருக்கிறாய் ஒரு பாட்டுப் பாடு என்று சொன்னது. காக்கா நான் பாடினால் வடை விழுந்துவிடும் என்று சொன்னது.

திறந்த குறியை மூடுவதில்லை. அடுத்த பேச்சுக்குக் குறியே இல்லை. எங்கும் 'என்று சொன்னது'தான். நேர்க்கூற்று விதியைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், எழுதும்போது வருவதில்லை. எந்த வரிசையில் சொல்லித் தரலாம்? உரையாடலைப் பேச்சுவழக்கில் எழுத விடலாமா?

கதைப்பெட்டி:

டீச்சர், அவர்கள் மூடாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. பேச்சு முடிந்தது என்பதைத் தமிழில் 'என்று' என்ற சொல்லே காட்டிவிடுகிறது. காதுக்கு அது போதும் என்பதால் கைக்குக் குறி தேவைப்படுவதில்லை. ஆகவே மூடும் குறியிலிருந்தே தொடங்குங்கள்.

குறியே இல்லாத ஐந்தாறு வாக்கியங்களைக் கொடுத்து, முதலில் என்று, என்றது, என்றான், என்றாள் ஆகியவற்றை வட்டமிடச் சொல்லுங்கள். வட்டத்துக்குச் சற்று முன்னால் மூடும் குறி. பிறகு அங்கிருந்து பின்னோக்கிப் போய், நரியின் குரலில் உரக்கப் படிக்க வேண்டும். 'நரி காக்காவிடம்' என்பதை நரி சொல்லாது. 'நீ அழகாக' என்பதைச் சொல்லும். குரல் மாறும் அந்த இடத்தில் திறக்கும் குறி. இது கைக்குப் பழகும்வரை காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதையும் திருத்த வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் சொன்னால் இரண்டுமே நிற்காது.

அதன்பின் நான்கு கட்டப் படக்கதை. பேச்சுக்குமிழுக்குள் இருப்பது மட்டும் மேற்கோளுக்குள் போகும், படத்தில் தெரிவது வெளியே.

உங்கள் மாணவரின் இரண்டாம் வாக்கியத்தைப் பாருங்கள். வாயில் வடை இருக்கும்போது காக்கா எப்படிப் பேசும்? அது நினைத்தது. நினைப்புக்கு ஒற்றை மேற்கோள்குறி இடுவது பல இதழ்களில் உள்ள வழக்கம்: 'நான் பாடினால் வடை விழுந்துவிடுமே' என்று காக்கா நினைத்தது. பேச்சு, நினைப்பு வேறுபாட்டைக் காட்ட இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது.

பிழைதிருத்தி:

அடுத்த கட்டத்தில் பார்க்க வேண்டியவை. 'என்று' தொடர்ந்தால் மேற்கோளின் கடைசியில் முற்றுப்புள்ளி வராது; வந்தால் வாக்கியம் அங்கேயே அறுந்து 'என்றது' அநாதையாக நிற்கும். வினாக்குறியும் வியப்புக்குறியும் உள்ளேயே இருக்கும்.

நரி, "நீ அழகாக இருக்கிறாய். ஒரு பாட்டுப் பாடு" என்றது.
"ஒரு பாட்டுப் பாடுவாயா?" என்று நரி கேட்டது.

முதல் வாக்கியத்தில் 'நரி'க்குப் பின் காற்புள்ளி இருக்கிறது. 'இருக்கிறாய்'க்குப் பின் முற்றுப்புள்ளி உண்டு, 'பாடு' என்பதற்குப் பின் இல்லை. இந்த இரண்டு அமைப்புகளே 4ஆம் வகுப்புக்குப் போதும். பேச்சை நடுவில் உடைத்து 'என்றது நரி' என்று செருகும் அமைப்பை மேல்வகுப்புக்கு ஒத்திவையுங்கள். அதில் பின்பாதி 'என்று' இல்லாமல் தொங்குவதால் குழந்தைகள் மறுபடி ஒரு 'என்றது' போட்டுவிடுவார்கள்.

சந்தியையும் கவனியுங்கள். 'என்று' பின் வல்லினம் மிகாது, 'என' பின் மிகும்: என்று கேட்டது, எனக் கேட்டது. 'என்றுக் கேட்டது' என்பது மிகப் பரவலான பிழை.

கரும்பலகை:

மிக்க நன்றி. சில பதிப்பகங்களின் புத்தகங்களில் மூடும் குறிக்கு முன் காற்புள்ளி இருக்கிறதே: "பாடு," என்றது. குழந்தைகள் இதைக் காட்டிக் கேட்கிறார்கள். பேச்சுவழக்கு பற்றியும் சொல்லுங்கள்.

பிழைதிருத்தி:

இரண்டும் வழக்கில் உள்ளன. உங்கள் பாடநூல் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வகுப்பு முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கதைக்குள் இரண்டும் கலந்தால்தான் பிழை.

வாசல்திண்ணை:

பேச்சுவழக்கை மேற்கோளுக்குள் தாராளமாக விடலாம். ஆனால் அது வெளியே கசியும்: 'நரி மரத்தடிக்கு வந்துச்சு' என்று கதை சொல்பவரும் பேச ஆரம்பிப்பார். மேற்கோளுக்குள் இருப்பதை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் படிக்கச் செய்தால் கசிவைக் குழந்தையே பிடித்துவிடும்.

காதில் விழுவதை அப்படியே எழுதுவதிலும் ஒரு சிக்கல். 'அவன் வந்தான்' என்பதன் கடைசி 'ன்' பேச்சில் மூக்கொலியாகக் கரைந்துவிடும். கேட்டபடி 'அவ வந்தா' என்று எழுதினால் படிப்பவருக்கு அவள் வந்தாள் என்று ஆகிவிடும். அந்த 'ன்' எழுத்தில் இருக்கட்டும். போறேன், வந்துட்டேன், இருக்கு போன்றவற்றுக்குக் கதை முழுக்க ஒரே எழுத்துமுறை.

நேர்க்கூற்றும் அயற்கூற்றும் பாதிப்பாதியாகக் கலப்பதையும் பாருங்கள். காக்கா, "தான் நாளை வருவதாக" என்றது என்று எழுதுவார்கள். மேற்கோள்குறி இருந்தால் காக்கா, "நான் நாளை வருவேன்" என்றது. குறி இல்லையென்றால் தான் மறுநாள் வருவதாகக் காக்கா கூறியது. நான் தானாகும்போது நாளையும் மறுநாளாக வேண்டும், வினையும் மாற வேண்டும். மூன்றும் சேர்ந்தே நகரும்.

'என்று சொன்னது' சலிக்கிறதென்று இருபது வினைச்சொற்களைப் பட்டியலாகத் தந்துவிடாதீர்கள். ஒரே பக்கத்தில் எல்லாரும் கெஞ்சி, கொஞ்சி, கர்ஜித்து, முணுமுணுப்பார்கள். கேட்டது, கத்தியது, கெஞ்சியது போதும். ஆள் மாறினால் புதிய பத்தி என்று பழகிவிட்டால் சில இடங்களில் செயலே போதும்:

நரி வாலை ஆட்டியது. "ஒரே ஒரு பாட்டு!"

காக்கா வடையைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டது. "கா... கா..."

இங்கே 'என்றது' இல்லாததால் பேச்சுக்குரிய நிறுத்தக்குறி மேற்கோளுக்குள்ளேயே முடிகிறது.